புதுப்பிப்பு: ‘டன்கிர்க்’ – மறுமுறை பார்த்த பிறகு

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய வீரர்கள் மீட்கப்பட்டதைச் சொல்லும் கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ (2017) படத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம், மூன்று ஆஸ்கர் எதற்கு என்று சென்ற மாதம் இந்த இழையில் எழுதியிருந்தேன். ஓசூரிலிருந்து தருமபுரி வரும் பேருந்தில், கைப்பேசியில் பார்த்துவிட்டு எழுதியது அது என்பதை அப்போது மறைத்துவிட்டேன்.

நேற்று கிருஷ்ணகிரியில் நண்பர் வீட்டில், நல்ல ஒலிபெருக்கிகளோடு மறுபடியும் பார்த்தேன். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம் என்று மூன்று கால அளவுகள் பின்னப்பட்டிருப்பது இப்போதுதான் பிடிபட்டது. ஹான்ஸ் ஜிம்மரின் இசைக்குள் ஒரு கைக்கடிகாரம் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. இறுதியில் ஊர் திரும்பும் ரயிலில், கரையிலிருந்து நாம் பின்தொடரும் இளம் வீரன் கண்ணயரும்போது அது நின்றுவிட, அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. ஒலிக்கான இரண்டு ஆஸ்கர்களையும் இனிக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒரு குறையை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1940-இல் மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்ட அந்தக் கடற்கரையில், பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த, கோவேறு கழுதைகளில் சுமை கொண்டுசெல்லும் பிரிவினரும் இருந்தனர். படத்தில் அவர்களில் ஒரு முகம்கூட இல்லை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “சுமை தூக்கினவனை எந்தப் படத்துலடா காட்டியிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.