நொய்யல் ஆற்றில் சாயநீர் விடாமலிருந்தால் மட்டும் ஒரு தொழில் வளங்குன்றாத் தொழில் ஆகிவிடுமா?

நூல்முனை (கேள்வி):

திருப்பூரைப் பற்றி அண்மைக்காலத்தில் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. சாயக் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் மறுபயன்பாடு செய்யும் நகரம், ஆகவே வளங்குன்றாத் தொழில் வளர்ச்சிக்கு உலகுக்கே முன்மாதிரி என்பது அந்த வாசகம். இதன் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொல்லி, எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றுபோன பிறகுதான் இந்த ஏற்பாடு உண்மையில் உயிர்பெற்றது என்பதும், அதற்கு முந்தைய ஆண்டுகள் கால அவகாசம் கேட்பதிலேயே கழிந்தன என்பதும் இங்குள்ள பலருக்கும் தெரிந்தவைதான்.

என் ஐயம் இரண்டாம் பாதியைப் பற்றியது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயவகை) ஏறுவதற்கு உப்பு வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர் என்று கணக்கிட்டால், ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு செலவாகிறது. அந்த உப்பு துணியோடு போவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, தான் நீரிலேயே தங்கிவிடுகிறது. முன்பு அது நொய்யலில் இறங்கியது. இப்போது ஆர்.ஓ. சவ்வுகளில் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய அடர்நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைத் திடமாகப் பிரிக்கிறார்கள். கொதிநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் தேவை என்பது பள்ளிப்பாடம். ஆயிரம் லிட்டருக்குக் கணக்கிட்டால் அது சுமார் 627 யூனிட் மின்சாரத்துக்கு இணையாகிறது. அந்த வெப்பத்தை விறகோ நிலக்கரியோதான் தருகிறது. கடைசியில் எஞ்சுவது எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது.

அப்படியானால் ஆற்றின் மேலிருந்த சுமையை இறக்கி, காற்றின் மீதும் மரங்களின் மீதும் ஒரு கொட்டகையின் மீதும் ஏற்றியதைத் தவிர நாம் செய்தது என்ன? நவீனத் தொழில் சமூகம் தன் கழிவைத் தீர்த்துவிட்டதாக அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறதா என்பதே என் கேள்வி. துறையில் இருப்பவர்களும் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அடர்நீர்:

பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் எண்கள் சரியானவை. ஆனால் அவற்றை முழுக் கழிவுநீருக்கும் பொருத்தினால் படம் பெரிதும் மாறிவிடும். வந்து சேரும் நீரில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு சவ்வுகளின் வழியாகவே மீண்டுவிடுகிறது, அதை ஆவியாக்குவதில்லை. ஆயிரம் லிட்டரில் 150 லிட்டர்தான் எவாப்பரேட்டருக்குப் போகிறது என்று கொண்டால், நீங்கள் சொன்ன 627 என்பது 94 ஆகிறது. முதல் கலத்தில் எழும் ஆவியின் வெப்பத்தை அடுத்த கலத்திலும், அதன் ஆவியை அதற்கடுத்த கலத்திலும் பயன்படுத்தும் நான்கடுக்கு அமைப்பில் அதுவும் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைகிறது. மேலும், அடர்நீர் முழுவதையும் காய்ச்ச வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதியை உப்புநீராகவே பட்டறைகளுக்குத் திருப்பி அனுப்புகிறோம். சாயமேற்றப் பயன்படும் உப்பான சோடியம் சல்பேட்டைக் குளிரவைத்துப் படிகமாக்கி மீண்டும் சாயத்தொட்டிக்கே கொடுக்கிறோம்.

ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்குள்ள நிலத்தடி நீர் கெட்டுப்போனதால், பவானி அருகே காவிரியிலிருந்து குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை ஒரு கட்டத்தில் நிறைவேற்ற வேண்டியிருந்தது. சுத்திகரித்துத் திரும்பும் ஒவ்வொரு லிட்டரும் காவிரியிலிருந்து எடுக்காமல் விட்ட ஒரு லிட்டர்.

கலப்பு உப்பைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை. பல உப்புகளும் சாயத்தின் மிச்சமும் கலந்திருப்பதால் அதை யாரும் வாங்குவதில்லை. நீரில் கரையக்கூடியது என்பதால் நம்பிப் புதைக்கவும் முடியாது. மழை பட்டால் பழைய வழியிலேயே போய்விடும். நிலையத்தைப் பார்க்க வருகிற விருந்தினர்கள் அனைவரும் கண்ணாடிக் குவளையில் பிடித்த தெளிந்த நீரைப் படமெடுத்துச் செல்கிறார்கள். கொட்டகையைக் காட்டுங்கள் என்று கேட்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

ஆயக்கட்டுப் பாசனதாரர்:

நீங்கள் இருவரும் கணக்கை 2011-இலிருந்து தொடங்குகிறீர்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் எங்களுக்கு அது நடுவில் திறந்த பேரேடு. 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டியது பாசனத்துக்காக. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது பெரும்பாலும் சாயநீராக இருந்தது. அதைத் திறந்துவிட்டபோது பயிர் கருகியது. தேக்கி வைத்தபோது சுற்றியிருந்த கிணறுகள் கெட்டன. அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றத்தில் போய்க் கேட்ட விந்தை இங்கேதான் நடந்தது.

வேலூர்ப் பகுதியின் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தது தொடர்பான வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதையொட்டி அமைந்த இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பாசனப் பகுதியையும் ஆராய்ந்து, 2004 இறுதி வரையிலான எட்டாண்டுச் சேதத்துக்காக 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஓர் ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. எட்டாண்டுக்கு! அதே காலத்தில் இந்த ஊரிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்குப் பனியன் ஏற்றுமதியானது. தொழில் லாபகரமானது என்று சொல்லும்போது, யாருடைய செலவு ஏட்டில் எழுதப்படாமல் விடப்பட்டதால் அது லாபமாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே சமயம், கேள்வி கேட்டவர் பயன்படுத்தும் 'இடமாற்றம்' என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கொட்டகையில் இருக்கும் உப்பும் என் கிணற்றில் இருக்கும் உப்பும் ஒன்றல்ல. கொட்டகைக்கு உரிமையாளர் உண்டு, பூட்டு உண்டு, கேட்பதற்கு ஓர் ஆளும் உண்டு. ஆற்றில் விட்ட உப்புக்கு ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. எல்லாம் வெறும் இடமாற்றம்தான் என்று சொல்லிவிட்டால், பதினைந்து ஆண்டுகளாக வழக்கு நடத்தியவர்கள் எதையும் பெறவில்லை என்றாகிவிடும். அது உண்மையல்ல.

பேரேடு:

பாசனதாரர் கூறியதை ஏற்றுக்கொண்டே, விவாதத்தைத் தூய்மையிலிருந்து அளவுக்கு நகர்த்த விரும்புகிறேன். 2000-ஆம் ஆண்டில் உலகம் உற்பத்தி செய்த மொத்த இழை சுமார் 5.8 கோடி டன். 2023-இல் அது 12 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்குகூடப் பெருகவில்லை. ஆகவே இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி புதிதாகப் பிறந்தவர்களுக்கு உடுத்தியதால் வந்ததல்ல. ஒரே ஆள் அதிகமாக வாங்கி விரைவாகக் கழிப்பதால் வந்தது. ஒரு கிலோ துணிக்கான நீரையும் உப்பையும் பாதியாகக் குறைத்தாலும், துணியின் அளவு இரட்டிப்பானால் நிற்கும் இடம் பழைய இடம்தான். நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கிய பிறகு இங்கிலாந்தின் மொத்த நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதைப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-இலேயே சுட்டிக்காட்டினார்.

உப்புச் சிக்கலுக்குச் சந்தை கண்டிருக்கும் விடையையும் பாருங்கள். பாலியஸ்டருக்குச் சாயமேற்ற உப்பு வேண்டாம், நீரும் குறைவு. உலக இழை உற்பத்தியில் பாதிக்கும் மேல் இப்போது பாலியஸ்டர்தான்; திருப்பூரும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஏற்றுமதியாளர்களே பேசுகிறார்கள். கழிவுநீர்க் கணக்கில் இது முன்னேற்றமாகப் பதிவாகும். ஆனால் அந்த இழை பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளாக உதிர்ந்து நீரில் கலக்கிறது. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பா, வளங்களை இருவகையாகப் பிரித்துப் பார்த்தார்: எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் தேக்கம் ஒன்று, ஆண்டுதோறும் இயற்கை புதுப்பித்துத் தரும் ஓட்டம் மற்றொன்று. அந்தப் பிரிவின்படி, பருத்தியிலிருந்து பாலியஸ்டருக்குப் போவது ஓட்டத்தை விட்டுத் தேக்கத்துக்குப் போவது. இன்றைய பருத்தியும் உரத்தையும் பூச்சிமருந்தையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி நிற்பதால் அதையும் தூய ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் திசை எது என்பதில் ஐயமில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே பனியன் கம்பெனிகளை மூடிவிடலாம் என்று நான் எழுதப்போவதில்லை. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே கூலி பெறும் லட்சக்கணக்கானோரிடம் அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது, உற்பத்தியின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்றன, விலையைக் குறைக்குமாறு பையர்கள், அதாவது ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், கேட்டார்கள். கூடுவதும் குறைவதும் வெளியிலிருந்தே வருகிறது. இந்த நகரம் தானாக விரும்பி, இவ்வளவு போதும் என்று குறைவாக உற்பத்தி செய்து பிழைக்க முடியுமா? அடர்நீர் ஐயா, உங்கள் நிலையத்தின் கோணத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்ல முடியுமா? வருகிற கழிவுநீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்?

அடர்நீர்:

நேரடியாகவே சொல்கிறேன்: சிரமம். எங்கள் செலவில் பெரும்பகுதி, வருகிற நீரின் அளவைப் பார்த்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. கடன் தவணை, ஆட்களின் சம்பளம், மின்வாரியத்தின் நிலைக்கட்டணம் ஆகியவை அப்படியே நிற்கும். சவ்வுகளைச் சும்மா வைத்திருந்தாலும் பராமரிக்க வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். உயிரியல் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்களுக்கு ஓரளவு சீராகக் கழிவு வந்துகொண்டிருக்க வேண்டும். பல நாள் வரத்து நின்றால் அவற்றை மீண்டும் வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். எனவே வரத்துக் குறைந்தால் லிட்டருக்கான கட்டணம் ஏறும். கட்டணத்தைக் கட்டுபவர் ஜாப் ஒர்க் சாயப்பட்டறைக்காரர், அதாவது பிறருடைய துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றித் தருபவர். கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் பேசிய கூலியில் இந்த ஏற்றத்தைச் சேர்க்க முடியாது; பையர் தரும் விலைப்பட்டியலில் சுத்திகரிப்பு என்ற வரியே கிடையாது. அந்த நெருக்கடியில்தான் இரவில் வாய்க்காலில் திறந்துவிடும் சபலமும் வருகிறது.

அளவைக் குறைப்பதுதான் வளங்குன்றாமை என்றால், எங்கள் நிலையத்தின் வடிவமைப்பு அதற்கு எதிரானது. கழிவு குறையாமல் வரும் என்ற கணிப்பின் மேல்தான் வங்கி கடன் கொடுத்தது. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வரத்துக் குறைந்திருந்தால், அதற்கான காரணத்தை நாங்கள் எழுத்துமூலம் விளக்க வேண்டும்.