கேனோபியா கொசுவலையா (நம்ம வகையறா குரூப்)

கலா அத்தை: ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குத் தொட்டில் போடுறோம், கொசுவலை யாரு வாங்குறா? அவங்க வாங்குவாங்க இவங்க வாங்குவாங்கன்னு இருந்துட்டு கடைசில யாரும் வாங்காம வந்து நிக்கக்கூடாது

கார்த்தி: நேத்தே வந்துருச்சு அத்தை. கேனோபி

கலா அத்தை: நான் கேட்டது கொசுவலை

கார்த்தி: படத்துல வலை மாதிரிதான் இருந்துச்சு. பிரிச்சா கெட்டித் துணி, சுத்தி ஜாலர், நடுவுல ஒரு நட்சத்திரம் தொங்குது

ரம்யா: காத்தே போகாதுடா. திருப்பி அனுப்பு. கன்னத்துல ஏற்கெனவே ரெண்டு தடிப்பு

கலா அத்தை: தாய்மாமன் சீரு 🤦

மூர்த்தி பெரியப்பா: அவன் மேல தப்பில்ல. கேனோபின்னாலே ஆதியில கொசுவலைதான். கிரேக்கத்துல கொசுவுக்கு கோனோப்ஸ்னு பேரு, வலை கட்டின கட்டில் கோனோபியோன், அது லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வர்றதுக்குள்ள கொசு கழண்டுகிச்சு, மேல்துணி மட்டும் மிச்சம். பிரெஞ்சுக்காரன் அதையே கனப்பேன்னு சோபாவுக்கு வச்சுகிட்டான், அப்புறம் சோபாவுல ஆள் உக்காந்த மாதிரி ரொட்டி மேல எதையாவது வச்சு தர்ற பலகாரத்துக்கும் அதே பேரு

செல்வி சித்தி: பசிக்குது

கார்த்தி: அப்ப மஸ்கிட்டோ?

ரம்யா: ஏண்டா கேட்ட

மூர்த்தி பெரியப்பா: நல்ல கேள்வி. ஸ்பானிஷ்ல மோஸ்கான்னா ஈ, அதோட இத்தோ சேத்தா குட்டி ஈ. 16ஆம் நூற்றாண்டு கடைசிலதான் இங்கிலீஷுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி நேட், மிட்ஜ்னு சொல்லிகிட்டிருந்தாங்க. இத்தாலிக்காரன் அதே ஈயை வச்சு அம்புக்கு மொஸ்கெட்டோன்னு பேரு விட்டான், அம்பு போய் துப்பாக்கி வந்ததும் அதுக்கும் அதே பேரு, மஸ்கட். பறந்து வந்து குத்துதுல்ல

கலா அத்தை: ரத்தம் குடிக்கிறத போய் குட்டி ஈயாம், கொஞ்சுறான்

மூர்த்தி பெரியப்பா: ரெண்டும் ஒரே வகையறாதாம்மா. ரெண்டே றெக்கை

செல்வி சித்தி: நம்ம வகையறா மாதிரி. என் கல்யாணப் பந்தல்ல மாப்பிள்ளை வீட்டாரு விடிய விடிய கால தட்டிகிட்டு உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கா. பந்தல் பொறுப்பு யாரோடது மாமா? பேரு தெரிஞ்சவரு அன்னிக்கு ஒரு சட்டி வேப்பிலைப் புகை போட்டிருக்கலாம்

மூர்த்தி பெரியப்பா: மழை வரும்னு நான் கண்டேனா

கலா அத்தை: செல்வி, அம்மாவோட தேக்குத் தொட்டில் உங்க பரண்லதான இருக்கு

செல்வி சித்தி: அத்தை எனக்குன்னு குடுத்தாங்க

கலா அத்தை: பாப்பா படுக்கத்தான் கேக்குறோம், பத்திரம் எழுதி வாங்கலை

பாட்டி: 🎤 0:52

ரம்யா: பாப்பா தூங்குறா, போட முடியல. என்ன சொல்றாங்க?

கலா அத்தை: பழைய வாயில் சேலை ஒண்ண ரெண்டா மடிச்சு கட்டுங்கடி, காத்தும் வரும் கொசுவும் வராதுங்குறா. அந்த மாம்பழக் கலர் சேலை

கார்த்தி: அது யார்கிட்ட இருக்கு?

செல்வி சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது