ஒரே சப்நெட்டில் பாதி முகவரிகள் மட்டும் எல்பாருக்கு எட்டவில்லை

இரவுப்பணி:
வணக்கம். எட்டு வருடம் டிபி2 (டேட்டாபேஸ்) பக்கம் இருந்தேன். இசட்/ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயங்குதளம்) நெட்வொர்க் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எங்கள் எல்பார் (மெயின்ஃப்ரேமுக்குள் தனி மெஷின் போல ஓடும் ஒரு பகுதி) 10.20.30.40, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழியான ரவுட்டர்) 10.20.30.1. சனிக்கிழமை ரவுட்டரை மாற்றினார்கள். அன்று இரவிலிருந்து 10.20.30.150-இல் இருக்கும் சர்வருக்கு எஃப்டிபி (கோப்பு அனுப்புவது) போகவில்லை. பிங் டைம்அவுட் ஆகிறது. அந்த சர்வரிலிருந்து எங்களுக்கு வந்தாலும் தொங்கி நிற்கிறது. ஆனால் 10.20.30.60 உடனே பதில் தருகிறது. வேறு ஊரில் இருக்கும் 10.50 வரிசை மெஷின்களும் தருகின்றன. தூரத்தில் இருப்பது கிடைத்து, பக்கத்தில் இருப்பது கிடைக்காமல் போவதுதான் புரியவில்லை. நெட்ஸ்டாட் டெவ்லிங்க்ஸில் (இணைப்புகளின் நிலையைக் காட்டும் கட்டளை) ஓஎஸ்ஏ (மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் கார்டு) 'ரெடி' என்றே இருக்கிறது.

கன்சோல்காரன்:
நெட்ஸ்டாட் ரவுட் போட்டு வரும் ரவுட் பட்டியலை இங்கே ஒட்டுங்கள். ரவுட்டரை மட்டும் மாற்றினார்களா, மாஸ்க்கையும் (சப்நெட்டின் அளவைச் சொல்வது) மாற்றினார்களா என்றும் கேளுங்கள்.

இரவுப்பணி:
கேட்டேன் சார். /24-ஐ (256 முகவரிகள்) இரண்டு /25 ஆகப் பிரித்து (0-127, 128-255), மேல்பாதியைத் தனி விலானில் (தனியாகப் பிரித்த உள்ளூர் நெட்வொர்க்) போட்டிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவே இல்லை. இதுதான் வந்தது:
டிஃபால்ட், 10.20.30.1, யுஜிஎஸ், ஓஎஸ்ஏலிங்க்1
10.20.30.0/24, 0.0.0.0, யுஎஸ், ஓஎஸ்ஏலிங்க்1
10.60.0.0/16, 10.20.30.2, யுஜிஎஸ், ஓஎஸ்ஏலிங்க்1

பழைய சிஸ்ப்ரோக்:
இரண்டாவது வரிதான் காரணம். யுஎஸ் என்ற கொடிகளில் ஜி (கேட்வே வழி என்பதன் குறி) இல்லை பாருங்கள். 150-ம் நம் கம்பியிலேயே இருக்கிறது என்று எல்பார் இன்னும் நம்புகிறது. அதனால் கேட்வேயிடம் கொடுக்காமல் நேரே ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்று அந்தக் கம்பியில் விசாரிப்பது) கேட்கிறது; வேறு விலானிலிருந்து யார் பதில் சொல்வார்கள்? சர்வர் அனுப்புவது ரவுட்டர் வழியாக உங்களிடம் வந்து சேர்ந்துவிடும், உங்கள் பதில்தான் வெளியே போகாது. ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (ரவுட்டரே அதற்குப் பதில் சொல்வது) போட்டிருந்தால் இந்தத் தவறு வெளியிலேயே தெரிந்திருக்காது.

டிசிபி/ஐபி ப்ரொஃபைலில் (அமைப்புக் கோப்பு) பிகின்ரவுட்ஸ் (கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரவுட்களின் பிளாக்) என்பதற்குள் 10.20.30.0/24 என்பதை /25 ஆக்குங்கள். அந்த வரியில் உள்ள '=' (கேட்வே இல்லாமல் நேரே என்பது) அப்படியே இருக்கட்டும். 150 தானாக டிஃபால்ட் வழியில் போய்விடும், தனி ரவுட் வேண்டாம். அதே ப்ரொஃபைலில் பிஎஸ்டிரவுட்டிங்பார்ம்ஸ் பகுதியில் மாஸ்க் எழுதியிருந்தால் அங்கேயும் 255.255.255.128.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். ஓபேஃபைலில் (ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி/ஐபியை மாற்றும் கோப்பு) மாற்றிய ஒரு வரியை மட்டும் போட்டு ஓட்டிவிடாதீர்கள். பிகின்ரவுட்ஸ் வந்தாலே பழைய ஸ்டாட்டிக் ரவுட் எல்லாம் அழிந்து, புதிதாக எழுதியவை மட்டுமே நிற்கும். டிஃபால்ட் வரி விடுபட்டால் வெளியிலிருந்து வரும் டிஎன்3270 (மெயின்ஃப்ரேம் டெர்மினல்) செஷன் எல்லாம் அறுந்துவிடும், உங்களுடையதும் சேர்த்து. ஒரு இரவு நானே அப்படி மாட்டிக்கொண்டு மெஷின் ரூமுக்கு ஓடியிருக்கிறேன். முழு பிளாக்கையும் எழுதுங்கள், எச்எம்சி (மெயின்ஃப்ரேமின் நிர்வாக) கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். மெம்பரில் (அந்தக் கோப்பில்) வரிசை எண் இருந்தால் முதலில் அன்நம் கொடுத்து அதை நீக்குங்கள்.

இரவுப்பணி:
நன்றி சார். மூன்று ரவுட்டையும் எழுதி இரவு 2.40-க்கு ஓட்டினேன். 150 பதில் தந்தது, காத்திருந்த எஃப்டிபி ஜாப்கள் ஓடின. ஒரு செஷனும் அறுபடவில்லை. 10.60 வரியை நான் விட்டுவிடத்தான் இருந்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் சேர்த்தேன்.

கன்சோல்காரன்:
ப்ரொஃபைல் மெம்பரிலும் மாற்றிவிட்டீர்களா? ஓபேஃபைலோடு நின்றால் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்போது) பழைய /24 திரும்பி வந்துவிடும்.

இரவுப்பணி:
இல்லை, மறந்தே போனேன். இப்போது மாற்றிவிட்டேன்.