கரிசல் மானாவாரிக்குப் பயிற்சி: எப்போது, எங்கே, யாருக்கு?

வினா – களப்பொறுப்பாளர், விளாத்திகுளம்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டாரத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பயிற்சிப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கரிசல் நிலத்தில் மழையை மட்டுமே நம்பி உளுந்து, பாசிப்பயறு, சோளம், மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றைப் பயிரிடுபவர்கள். இதுவரை நடந்த பயிற்சிகள் பெரும்பாலும் கோடையில் ஒரு நாள், ஒரு மண்டபத்தில், திரையில் படம் காட்டி, மதிய உணவோடு முடிந்தவை. வருகைப் பதிவேடு நிறைந்தது; அடுத்து வந்த புரட்டாசியில் விதைப்பு முறையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இந்த ஆண்டு உழவர்களுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் களப்பணியாளர்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் வகுக்க வேண்டியிருக்கிறது. பாடங்களை எந்த வரிசையில் வைப்பது, களப்பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையா, பயிற்சி பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அறிவது என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 – ஓய்வு பெற்ற விரிவாக்க அலுவலர்

பாடங்களின் வரிசையைப் பருவத்திடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் கோடை உழவையும் சரிவுக்குக் குறுக்கே உழுவதையும், ஆவணியில் ஆழச்சால் அகலப்பாத்தியையும் (ஆழமான சால்களுக்கு இடையே அகலமான பாத்திகள் அமைப்பது) விதையின் முளைப்புத்திறனையும், புரட்டாசியில் விதைப்பையும், ஐப்பசிக்குப் பிறகு களை, பூச்சி, இடைக்கால வறட்சி ஆகியவற்றையும் அந்தந்த வேலை நடக்கும் வாரத்தில், அந்த வேலை நடக்கும் நிலத்திலேயே கற்பிக்க வேண்டும். உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற முறை 1989இல் இந்தோனேசியாவில் நெற்பயிரின் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கப்பட்டபோது அதன் அடிப்படையே இதுதான்: ஏறத்தாழ 25 உழவர்கள் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் ஒரே வயலில் கூடி, தாங்கள் கண்டதைத் தாங்களே வரைந்து, விவாதித்து, முடிவெடுப்பார்கள். நம்மிடம் அந்தப் பெயர் பரவிய அளவுக்கு அந்த ஒழுங்கு பரவவில்லை. ஒரே நாளில் ஆறு தலைப்புகளைப் பேசிவிட்டு வயல்வெளிப் பள்ளி என்று கோப்பில் எழுதியதையும் பார்த்திருக்கிறேன்.

முதல் பாடமாக மழையை அளப்பதை வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஊருக்கு ஒரு மழைமானி போதும். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த நிலத்தில் விழுந்திருக்கிறது என்று உழவர்களே கணக்கிட்டுப் பார்த்த பிறகு, அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு ஓடையில் போனது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். மறுநாள் காலையில் மண்வெட்டியால் தோண்டி, உழுத நிலத்திலும் உழாத நிலத்திலும் ஈரம் இறங்கிய ஆழத்தை ஒப்பிட்டுக் காட்டினால், வரப்பு, பாத்தி, பண்ணைக்குட்டை ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொற்பொழிவு தேவைப்படாது.

அடுத்தது பருவமழைக்கு முந்திய விதைப்பு. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கரிசல் மானாவாரிக்கு நீண்ட காலமாக இதை வலியுறுத்தி வருகிறது. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பத நிலைக்கு வரும் வரை நிழலில் உலர்த்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகிவிடாமல், அந்த ஆழம் வரை நனைக்கும் மழைக்காக விதை காத்திருக்கும். ஊறவைப்பதை எல்லோரும் செய்துவிடுவார்கள். நிழலில் முறையாக உலர்த்துவதில்தான் தவறுகிறார்கள். அதனால் அதை விளக்குவதோடு நிற்காமல், ஒவ்வொருவரையும் தம் கையால் செய்யவைக்க வேண்டும்.

மறுமொழி 2 – கரிசல்காட்டு விவசாயி

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முன்விதைப்பில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்து விதை முளைத்த பிறகு மூன்று வாரம் வானம் காய்ந்துவிட்டால், ஆழத்தில் விதைத்ததும், அப்படி ஊறவைத்து உலர்த்தி விதையைக் கடினப்படுத்தியதும் உதவுவதில்லை. விதைக்காசும் உழவுக்கூலியும் இரண்டாம் முறை எங்களிடம் இருக்காது. ஆகவே பயிற்சியில் முழு நிலத்துக்கும் ஒரே பரிந்துரையைத் தராமல், சோளம், பருத்தி ஆகியவற்றுக்கு நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் முன்விதைப்புக்கு விட்டு, உளுந்தையும் பாசியையும் உழவு மழைக்குப் பிறகு விதைக்கும் வழியையும் சேர்த்துப் பேசுங்கள். ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்வது எங்கள் பெரியவர்கள் அறிந்திருந்த ஒன்றுதான்.

மற்றொன்று, செம்மண்ணான செவலுக்கும் கரிசலுக்கும் ஒரே பாடத்தை நடத்தாதீர்கள். கண்மாய் வண்டலை அடிப்பது செவல் நிலத்தின் நீர்ப்பிடிப்பை நன்றாகக் கூட்டும். ஏற்கெனவே களிமண் மிகுந்த கரிசலுக்கு அதைவிட ஆட்டுக்கிடை போடுவதும் தொழுஉரமும் பயன் தரும். பயிற்சி தர வந்தவர் இந்த வேறுபாட்டை அறியாமல் வண்டலைப் பற்றியே அரைமணி நேரம் பேசினால், அதன் பிறகு அவர் சொல்லும் நல்ல செய்தியையும் எவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

களையெடுப்பவர்களும் விதை பாதுகாப்பவர்களும் எங்கள் ஊரில் பெரும்பாலும் பெண்கள். பயிற்சிக்கு வந்து அமர்பவர்கள் ஆண்கள். நூறு நாள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் எப்படி வருவார்கள்? மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துப் பாருங்கள். காட்டுப்பன்றித் தொல்லையையும் தயவுசெய்து ஒரு பாடமாக்குங்கள். மக்காச்சோளம் போட்டவரைக் கேட்டால் வறட்சியை விட அதைத்தான் முதலில் சொல்வார்.

மறுமொழி 3 – விரிவாக்கக் கல்வி மாணவி

களப்பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி அவசியம்; ஆனால் ஆலோசகர் பட்டியலை நீங்கள் இன்னும் விரிவாக்க வேண்டும். இலையில் புள்ளி விழுந்தால் உழவர் முதலில் அந்த இலையை எடுத்துக்கொண்டு போவது உரக்கடைக்குத்தான். இதை உணர்ந்தே ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003இல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 40 வகுப்புகளும் 8 களப்பயணங்களும் கொண்ட அது, கடை விடுமுறை நாளில் வாரம் ஒரு முறை நடைபெறும் வகையில் அமைக்கப்பட்டது. உங்கள் பகுதிக் கடைக்காரர்களையும் புரட்டாசி வகுப்புக்கு அழையுங்கள். விதை கடினப்படுத்தத் தேவையான பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கடையில் இருப்பில் இல்லாவிட்டால், அன்று கற்ற பாடம் அன்றோடு முடிந்துவிடும்.

களப்பணியாளர்களின் பயிற்சியில், பரிந்துரை சொல்வதற்கு முன் உழவரிடம் கேட்க வேண்டியவற்றுக்கே பெரும் நேரத்தை ஒதுக்கலாம்: சென்ற ஆண்டு அந்த நிலத்தில் என்ன இருந்தது, மண்ணின் ஆழம் எவ்வளவு, கடன் யாரிடம், வீட்டில் வேலைக்கு எத்தனை பேர். கடன் கொடுத்தவரே விதையையும் தருகிறார் என்றால், இரகத்தை மாற்றுமாறு சொல்லும் ஆலோசனைக்கு அங்கே இடமில்லை.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. நிலத்தைப் பிரித்து விதைக்கும் யோசனையையும், கடைக்காரர்களை அழைப்பதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். பயனை அளப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. விளைச்சலை வைத்து அளந்தால் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாப் பயிற்சியும் வெற்றியாகத் தெரியுமே?

மறுமொழி 1 – ஓய்வு பெற்ற விரிவாக்க அலுவலர்

அதனால்தான் விளைச்சலை ஊருக்கு ஊரோ ஆண்டுக்கு ஆண்டோ ஒப்பிடக் கூடாது. ஒரே உழவரின் ஒரே நிலத்தில் புதிய முறைக்கு ஒரு பட்டை, அவருடைய வழக்கமான முறைக்கு ஒரு பட்டை என அடுத்தடுத்து விட்டு, அறுவடையை அவர் முன்னிலையிலேயே எடையிடுங்கள். மழை இரண்டுக்கும் ஒன்றே. மேலும் முதல் ஆண்டில் மானிய விதைக்காகச் சிலர் சேர்வார்கள். ஆகவே எத்தனை பேர் முறையை மாற்றிக்கொண்டார்கள் என்ற கணக்கை, மானியம் எதுவும் இல்லாத இரண்டாம் ஆண்டின் விதைப்பு முடிந்த பிறகு எடுங்கள். கைவிட்டவர்களிடம் காரணத்தையும் கேட்டு எழுதிக்கொண்டால், மூன்றாம் ஆண்டின் பாடத்திட்டத்துக்கு அது பயன்படும்.