போர்வெல் தண்ணீரும் பசுமைப் பெட்டியும்: சங்கம் மொத்தமாக வாங்கலாமா?

சி_பிளாக்_சர்ஜாபூர்:
நம்ம குடியிருப்புச் சங்கத்துல ஒரு தீர்மானம் வந்திருக்கு. வீட்டுக்கு ஒரு "பசுமைப் பெட்டி", மொத்த விலையில். உள்ளே இருப்பவை: கையால் செய்த ஷாம்பு சோப்பு 2, பூந்திக்கொட்டை அரைக் கிலோ துணிப்பையோடு, பயோ என்சைம் (பழத்தோலைப் புளிக்க வைத்த துப்புரவு நீர்) 1 லிட்டர், "100% மூங்கில்" துண்டு 1. பிளாஸ்டிக் பாட்டிலைக் குறைப்பதுதான் நோக்கம். இங்கே பெங்களூர் சர்ஜாபூரில் காவிரித் தண்ணீர் கிடையாது, போர்வெல்லும் டேங்கரும்தான். குளியலறைக் குழாய்த் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 780. வாங்கலாமா, வேண்டாமா? காரணத்தோட சொல்லுங்க.

கடினநீர்:
சோப்பை முதலில் வெளியே எடுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. ஆகவே கடினத்தன்மையை மட்டும் பார்த்தால் உங்கள் தண்ணீரைக் குடிக்கலாம். ஆனால் சோப்புக்கு அது பகை. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். 400 என்றால் 1 லிட்டர் தண்ணீர் சுமார் 2.4 கிராம் சோப்பை இப்படிச் சாகடிக்கும். 10 லிட்டர் வாளிக்கு 24 கிராம். 100 கிராம் கட்டி நாலு வாளியோடு தீர்ந்துவிடும். பாட்டில் மிச்சம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

சோப்பு_சுந்தரி:
சார், யாரும் வாளித் தண்ணியில சோப்பைக் கரைச்சுக் குளிக்கிறதில்ல. ஈரத்தலையில தேய்க்கிறோம், நுரை வருது, அலசுறோம். உங்க 24 கிராம் பரிசோதனைக்கூடத்துக் கணக்கு. நல்லா செஞ்ச ஷாம்பு சோப்புல தேங்காய் எண்ணெய் 60–70 சதவீதம், விளக்கெண்ணெய் 10–15, மீதி நல்லெண்ணெயோ ஆலிவோ. சூப்பர்ஃபேட், அதாவது சோப்பா மாறாம மிஞ்சுற எண்ணெய், 3 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, போனா தலை பிசுக்கும். 4–6 வாரம் காய வைக்கணும். தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணியிலயே நுரைக்கும், போர்வெல் என்ன பெரிய விஷயம்?

அதுபோக எண்ணெய் எடையில 2 சதவீதம் சிட்ரிக் ஆசிட் சேர்ப்போம். ஒவ்வொரு 10 கிராமுக்கும் காஸ்டிக் சோடாவை 6.2 கிராம் கூட்டிப் போட்டா அது சோடியம் சிட்ரேட்டா மாறி, கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இது தெரியாம செய்யறவங்களோட சோப்பைப் பார்த்துட்டு மொத்தமா சோப்பே ஆகாதுன்னு சொல்லாதீங்க.

கடினநீர்:
செய்முறையில் எனக்குச் சண்டை இல்லை, சரியாகத்தான் சொல்கிறீர்கள். சிக்கல் நுரைக்கும்போது வருவதில்லை, அலசும்போது வருகிறது. தலையில் தங்கியிருக்கும் சோப்பு மிஞ்சிப்போனால் 2 கிராம். மேலே ஊற்றும் முதல் மக் தண்ணீரே அத்தனையையும் படிவமாக்கப் போதும். அது முடியிலேயே உட்காரும். சீப்பில் சாம்பல் நிற மெழுகாக வருவது அதுதான்.

கடல் தண்ணீர் உதாரணம் பாதி உண்மை. தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் லாரிக் அமிலச் சோப்பு உப்பைத் தாங்கும், அதனால் நுரைக்கும். கால்சியத்தோடு சேர்ந்தால் அதுவும் கரையாது. சிட்ரேட்டுக்கு வருவோம்: ஒரு முழுக் கட்டியில் 2 கிராம் சிட்ரிக் ஆசிட் என்று வைத்துக்கொண்டாலும், அது பிடிக்கக்கூடிய கால்சியம் இந்தத் தண்ணீரில் இரண்டரை லிட்டருக்குத்தான் சரி. ஒரு குளியலுக்கு இல்லை, கட்டி தீரும்வரைக்கும் சேர்த்து! சோப்புத் தட்டில் படிவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சோப்பு_சுந்தரி:
அப்ப கடைசியா வினிகர் விட்டு அலசட்டும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மேசைக்கரண்டி. இல்லேன்னா அரை எலுமிச்சம்பழம்.

கடினநீர்:
அமிலம் அந்தப் படிவத்தைக் கழுவி அனுப்பாது. கால்சியத்தைப் பிரித்துவிட்டு, மீதியைக் கொழுப்பமிலமாக முடியிலேயே விட்டுவிடும். வெள்ளைத்தூள் போய் எண்ணெய்ப் பிசுக்கு வரும். "தலை பழக 4 வாரம் ஆகும்" என்று அட்டையில் போடுகிறார்களே, பழகுவது தலை அல்ல. வினிகரால் ஒரு நன்மை உண்டு: சோப்பின் பிஎச் 9–10, அதில் முடியின் மேல்செதில் விரிந்து சொரசொரக்கும், அமிலம் அதை மறுபடி படிய வைக்கும். சாயம் பூசிய முடி என்றால் அதற்குள் சாயம் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

பாட்டில்தான் வேண்டாம் என்றால் சின்டெட் கட்டி (சோப்பு அல்லாத செயற்கை நுரைப்பொருளால் செய்த கட்டி) வாங்குங்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால் போதும். முதல் பெயர் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்றிருந்தால் சின்டெட்: கால்சியத்தோடு படியாது, பிஎச் 5–7. சோடியம் பால்மேட், சோடியம் கோகோயேட், "சபோனிஃபைடு எண்ணெய்" என்றிருந்தால், முகப்பில் ஷாம்பு என்று எழுதியிருந்தாலும் சோப்புதான். நடுவில் சோடியம் கோகோ சல்ஃபேட் என்று ஒன்று வரும். "எஸ்எல்எஸ் இல்லை", அதாவது சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லை என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், உள்ளே பெரும்பங்கு லாரில் சல்ஃபேட்தான். கெடுதல் என்று சொல்லவில்லை, பொய் என்று சொல்கிறேன்.

சோப்பு_சுந்தரி:
ஆக தொழிற்சாலையில செஞ்ச கட்டிதான் பசுமை, வீட்டில செஞ்சது இல்ல! பெல்லந்தூர் ஏரி நுரை ரோட்டுக்கு வந்தது மறந்துபோச்சா? சோப்பு சாக்கடைக்குப் போனா நீங்க திட்டுற அதே கால்சியத்தோட சேர்ந்து படிஞ்சிடும், நுரைக்காது, சீக்கிரம் மட்கிடும். ஏரிக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.

கடினநீர்:
நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். சாக்கடைக்குள் போன பிறகு சோப்புதான் சாது. ஆனால் ஐசெதியோனேட்டும் எளிதில் மட்கக்கூடியதுதான். பெல்லந்தூரில் நுரை பொங்கியது சுத்திகரிக்காத கழிவுநீர் அப்படியே விழுந்ததால். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஒழுங்காக ஓடும் குடியிருப்பில் கட்டியின் வகையை மாற்றி ஏரியைக் காப்பாற்ற முடியாது.

ஷவரில் மாட்டும் ஃபில்டரைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள்தான் கால்சியத்தைப் பிடிப்பவை; 1 லிட்டர் ரெசின் நடைமுறையில் 50–60 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். அந்தக் குப்பிக்குள் கால் லிட்டர் இருந்தால் அதிகம். உங்கள் தண்ணீரில் 30–40 லிட்டர் போனதும் அது வெறும் அலங்காரம். மொட்டைமாடியில் பெரிய சாஃப்ட்னர் வைத்தால் வேலை செய்யும். ஆனால் ரெசினைப் புதுப்பிக்க உப்பு கொட்ட வேண்டும், அந்த உப்புநீர் எஸ்டிபி வழியாகத் தோட்டத்துக்கு வந்து மண்ணைக் கெடுக்கும். இன்னொன்று, சாஃப்ட்னர் வைத்தும் டிடிஎஸ் குறையவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை, மீட்டர் அப்படியேதான் காட்டும்.

சீயக்காய்க்கட்சி:
ரெண்டு பேரும் கட்டியைப் பிடிச்சுத் தொங்குறீங்க. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் எதுக்கு இருக்கு? இதுல நுரைக்கிறது சபோனின். அது கால்சியத்தோட படியாது, கரைசலும் லேசான அமிலம்தான். பிளிகிரி ரங்கன மலையில சோலிகர் பழங்குடிகள் காலங்காலமா சேகரிக்கிற பொருள். இங்க நாட்டு மருந்துக் கடையில "அண்டுவாள காயி", "சீகேகாயி"ன்னு கேட்டா கொடுப்பாங்க.

செய்யற விதம்: கொட்டையை நீக்கின பூந்திக்கொட்டைத் தோல் 10–12, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறணும். காலையில சிறு தீயில 15–20 நிமிஷம், ஆறினதும் கையால நல்லாப் பிசைஞ்சு மெல்லிய துணியில வடிகட்டணும். ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். வெளிய வச்சா புளிச்சு நாறிடும், பழச்சதையில சர்க்கரை இருக்கே. மொத்தமா செஞ்சா ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வைங்க. தலைக்குன்னா சீயக்காய்த் தூள் 2 மேசைக்கரண்டியை இந்தத் தண்ணியில குழைச்சு, வடிச்ச கஞ்சி கொஞ்சம் சேர்த்தா கண்ணுல வழியாது. எண்ணெய் தேய்ச்ச நாள்ல சபோனின் மட்டும் போதாது, பச்சைப்பயறு மாவு ஒரு கைப்பிடி போட்டாத்தான் எண்ணெயை இழுக்கும்.

சி_பிளாக்_சர்ஜாபூர்:
நல்ல தகவல். ஆனா பெட்டிக்காரங்க கொட்டையைத் துணிப்பையில கட்டி வாஷிங் மெஷினுக்குள்ள போடச் சொல்றாங்க. டிடர்ஜென்ட்டே வேண்டாமாம்.

கடினநீர்:
அங்கேதான் சறுக்கும். டிடர்ஜென்ட் என்பது நுரை மட்டும் அல்ல. கால்சியத்தைப் பிடிக்கும் பொருள், கறையை உடைக்கும் என்சைம், கழன்ற அழுக்கு மறுபடி துணியில் ஒட்டாமல் தடுக்கும் பொருள் எல்லாம் சேர்ந்தது. பூந்திக்கொட்டையில் நுரைக்கும் பொருள் மட்டும் இருக்கிறது. ஆறு மாதத்தில் வெள்ளைச் சட்டைகள் பழுப்பாகும், காலர் அழுக்கும் சாம்பார்க் கறையும் அப்படியே இருக்கும். குளிர்ந்த தண்ணீர்ச் சுற்றில் பையிலிருந்து சபோனின் இறங்குவதற்குள் துவையலே முடிந்துவிடும். இயற்கை என்பதால் சாக்கடைக்கு நல்லது என்பதும் அவ்வளவு நேர் அல்ல: ஆற்றில் மீனை மயக்கிப் பிடிக்க இதே கொட்டையைத்தான் அரைத்துக் கலப்பார்கள்.

சீயக்காய்க்கட்சி:
மீன் பிடிக்கிற அளவும் துணி துவைக்கிற அளவும் ஒண்ணா சார்? மட்கிப் போற பொருள்தானே. வெள்ளைத் துணிக்கு ஒத்து வராதுன்னா ஒத்துக்கறேன். பட்டு, கம்பளி, கறுப்பு நீலக் கைத்தறிக்கு இதுக்கு மிஞ்சினது எது? பட்டுக்குக் காரம் ஆகாது, டிடர்ஜென்ட் தூள் காரம். மெஷின்ல போட்டே ஆகணும்னா பை வேண்டாம், கொதிக்க வச்ச கரைசல் 100 மில்லி ஊத்துங்க.

கடினநீர்:
பட்டுக்குச் சரி. பருத்திக்கு ஊற்றுவதானால் கூடவே சோடியம் சிட்ரேட் போடுங்கள். ஃபிரன்ட் லோடு மெஷின் ஒரு சுற்றுக்கு 15 லிட்டர் எடுத்தால், 400 கடினத்தன்மைக்கு சுமார் 18 கிராம். கடையில் கிடைக்காவிட்டால் சிட்ரிக் ஆசிட் 12 கிராம், சமையல் சோடா 16 கிராம் ஒரு பெரிய பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு கலந்து, பொங்கல் அடங்கியதும் ஊற்றலாம். சிறிய டம்ளரில் கலக்கினால் மேடையெல்லாம் வழியும். சலவைச் சோடா இந்தத் தண்ணீரில் வேண்டாம், கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கித் துணி மேலேயே படிய வைக்கும், துண்டு அட்டை மாதிரி விறைக்கும்.

துண்டு_துப்பட்டா:
துண்டுன்னதும் ஞாபகம் வந்தது. "100% மூங்கில்"னு போட்ட மிருதுவான துண்டு பெரும்பாலும் மூங்கில் நார் இல்லை, விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைச்சு, அமிலத்துல நூலா இழுத்தது. அமெரிக்காவுல இப்படி விஸ்கோஸை மூங்கில்னு வித்ததுக்கு 2022-ல வால்மார்ட், கோல்ஸ் ரெண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் ஒத்துக்கிச்சு. விஸ்கோஸ் ஈரத்துல பலமிழக்கும், முறுக்கிப் பிழிஞ்சா சீக்கிரம் நைஞ்சிடும். ஈரோட்டு ஈரிழைத் துண்டு வாங்குங்க, பெங்களூர் மழைக்காலத்துல கூட பால்கனியிலயே காஞ்சிடும்.

நம்ம நாட்டுலயும் 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டிருக்கு. "பசுமை", "ஈகோ ஃபிரண்ட்லி"ன்னு மொட்டையா எழுதக் கூடாது, எதனால்னு விளக்கமும் ஆதாரமும் காட்டணும். பெட்டிக்காரங்ககிட்ட எழுத்துல கேளுங்க.

சோப்பு_சுந்தரி:
பயோ என்சைமை யாரும் தொடலையே? 1 பங்கு வெல்லம், 3 பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், 10 பங்கு தண்ணி, 3 மாசம். அதுவாவது வீட்டிலயே செய்யலாம்.

கடினநீர்:
செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். கால்வாசி காலியாக விட்ட பிளாஸ்டிக் கேனில், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விட வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த வினிகர். குழாய் உப்புக்கறையும் டைல்ஸ் அழுக்கும் போகும். மார்பிளிலும் கோட்டா கல்லிலும் ஊற்றினால் பளபளப்பை அரித்துவிடும். வெறும் உப்புக்கறைக்குத்தான் என்றால் 3 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்தான்) 1 லிட்டரில் கரைத்தாலே போதும்.

இதை மட்டும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் கன்னடத்திலோ தமிழிலோ சொல்லிவிடுங்கள்: பிளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில் பயோ என்சைமோ சிட்ரிக் ஆசிட்டோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து.

சி_பிளாக்_சர்ஜாபூர்:
அப்ப பெட்டியா வேண்டாம், சின்டெட் கட்டியும் ஈரிழைத் துண்டும் தனித்தனியா வாங்கலாம், பூந்திக்கொட்டை பட்டுப்புடவை இருக்கிற வீட்டுக்கு மட்டும்னு கூட்டத்துல சொல்றேன்.

சோப்பு_சுந்தரி:
எங்க சோப்பை விட்டுட்டீங்க. காவிரித் தண்ணி வர்ற பிளாக்குக்கு, உதாரணமா ஜெயநகர்ல, இதே சோப்பு பிரமாதமா வேலை செய்யும். தலைக்கு வேண்டாம்னா உடம்புக்குப் போடுங்க. "சோப்பு ஆகாது"ன்னு கூட்டக் குறிப்புல எழுதாதீங்க, "இந்தத் தண்ணிக்கு ஆகாது"ன்னு எழுதுங்க.

கடினநீர்:
அதில் உடன்படுகிறேன். அதனாலேயே ஒரே அளவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். டேங்கர் இறங்கிய மறுநாள் ஒன்று, போர்வெல் மட்டும் ஓடிய நாள் ஒன்று, இரண்டு நாளும் குளியலறைக் குழாயிலிருந்து பிடியுங்கள், சம்ப்பிலிருந்து (தரையடித் தொட்டி) வேண்டாம். சொட்டுச் சோதனைக் கிட்டில் நிறம் ஊதாவானதும் நிறுத்திவிடுகிறார்கள், அது குறைத்துக் காட்டும். சிவப்புச் சாயல் முழுக்கப் போய்ச் சுத்த நீலம் வரும்வரை சொட்டுகளை எண்ணுங்கள்.