ஓட்டோ லெவல் குமிழி நிற்குதில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல் வாய்க்காலுக்கு மட்டம் எடுக்கிறோம். கருவி வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டோ லெவல் (முக்காலியில் வைத்து உயர வித்தியாசம் பார்க்கும் தொலைநோக்கி).

குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து 180 பாகை திருப்பினால் விளிம்புக்கு ஓடுகிறது. பாதியைக் கால் திருகாலும் மீதியைக் குமிழிக்குக் கீழுள்ள சின்னத் திருகுகளாலும் சரிசெய்தேன். கொஞ்ச நேரத்தில் பழையபடி. ஈர மண்ணில் முக்காலி இறங்கினால் குமிழி எப்போதும் ஒரே திசைக்குத்தான் சாயும். ஆனால் இங்கே குமிழி சாயும் பக்கம் கருவியோடு சேர்ந்து சுற்றுகிறது. அதனால் சின்னத் திருகுகள் தளர்ந்திருக்கும் என்பது என் ஊகம். சரியா?

பெரிய கவலை வேறு. 60 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடித்துப் பார்த்தோம். கருவியை நடுவில் வைத்தால் உயர வித்தியாசம் 0.412 மீற்றர், ஒரு முளைக்குக் கிட்ட வைத்தால் 0.421. வாய்க்காலின் சரிவே 1:5000, அதாவது 60 மீற்றருக்கு 12 மில்லிமீற்றர். இதில் 9 மில்லிமீற்றர் பிழை என்றால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்!

முக்காலிக் காலை மெல்லத் தட்டினால் தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக்கோடு ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறது. உள்ளே பார்வைக்கோட்டைத் தானாக மட்டமாக்கும் ஊசல் இறுகவில்லைப் போல. இப்போதைக்கு முன் பார்வையையும் பின் பார்வையையும் (முன்னால், பின்னால் உள்ள அளவுகோல்களைப் பார்ப்பது) சம தூரத்தில் வைத்துச் சமாளிக்கிறோம். கச்சான் காற்று வேறு, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் வாசிக்க முடியாது.

குறுக்குக்கோட்டுத் திருகை நாங்களே தொடலாமா? வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ திருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா?