எஸ்பெராண்டோவில் அத்தையையும் சித்தியையும் எப்படி வேறுபடுத்துவது?

சிற்றோடை:
எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியைக் கற்று வருகிறேன். பிரேசிலிலுள்ள கடித நண்பர் ஒருவருக்கு என் குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டும். அப்பா 'பாட்ரோ', அம்மா 'பாட்ரினோ' என்பது வரை தடையில்லை. ஆனால் அத்தை, சித்தி, பெரியம்மா ஆகிய மூவருக்கும் அகராதி 'ஓன்க்லினோ' என்ற ஒரே சொல்லைத்தான் தருகிறது. அக்காவும் தங்கையும் 'ஃப்ராட்டினோ' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள். பழகியவர்கள் இதை எப்படி எழுதுகிறீர்கள்?

வேலிப்பருத்தி:
இம்மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1887-இல் அதை வெளியிட்ட வார்சாவில் வழங்கிய போலிஷ் மொழியில், தந்தையின் சகோதரருக்கும் தாயின் சகோதரருக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இருந்தும் அவர் பிரெஞ்சு, ஜெர்மன் வழக்கையொட்டி 'ஓன்க்லோ' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டார். ஆகவே உறவை விரித்துச் சொல்வதுதான் வழி. அத்தையை 'ஃப்ராட்டினோ தே மியா பாட்ரோ', அதாவது என் தந்தையின் சகோதரி என்று எழுதலாம். சித்தியானால் தாயின் 'ப்லி யூனா', அதாவது இளைய, சகோதரி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்தில் ஒருமுறை விளக்கிவிட்டு, அதன்பின் 'ஓன்க்லினோ' என்பதோடு அவர் பெயரைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் வம்சாவளி எழுதினால் நண்பர் களைத்துப்போவார்.

திருமண உறவு எளிது. 'போ' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் மாமனார் 'போபாட்ரோ', மாமியார் 'போபாட்ரினோ'. ஆனால் அண்ணி, நாத்தனார், கொழுந்தி எல்லோரும் 'போஃப்ராட்டினோ'தான். இருபாலாரையும் சேர்த்துச் சொல்ல 'கெ' உண்டு: 'கெபாட்ரோய்' என்றால் பெற்றோர்.

புன்செய்:
நீங்கள் தடையில்லை என்று கடந்துபோன இடத்தில்தான் எஸ்பெராண்டோக்காரர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். அம்மாவுக்குத் தனி வேர்ச்சொல் இல்லை. அப்பாவின் வேரோடு 'இன்' என்னும் பெண்பால் ஒட்டைச் சேர்த்தே அம்மா உருவாகிறாள். இதைச் சமன்செய்ய ஆண்பாலுக்கும் 'இச்' என்று ஓர் ஒட்டைச் சிலர் முன்மொழிந்தார்கள். 1905-இல் வகுத்த அடிப்படை விதிகளில் அது இல்லையாதலால், தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கார்காலம்:
'ஸ்டார் ட்ரெக்' அறிவியல் புனைவுப் படங்களுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதில் தந்தையின் சகோதரர் 'டென்னுஸ்', தாயின் சகோதரர் வேறு. அத்தைக்கும் தாயின் சகோதரிக்கும் கூட வெவ்வேறு சொற்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் 'லோர்' என்றும் சித்தப்பா, சித்தி பிள்ளைகள் 'டேய்' என்றும் பிரிவது நம் முறைப்பிள்ளை, பங்காளிப் பிள்ளை வேறுபாட்டை அப்படியே ஒத்திருக்கிறது. பிரேசில் நண்பரும் கிளிங்கான் கற்றிருந்தால் ஒழிய, வேலிப்பருத்தி சொன்ன வழியிலேயே எழுதுங்கள்.